நாற்காலி வேண்டாம், நிலம் வேண்டும்!

ஆட்சியைப் பிடித்தவர்களைப் பற்றி ஏடுகள் ஆயிரம் எழுதும். ஆட்சி கைக்கு எட்டிய நேரத்திலே, இந்த நாற்காலி நமக்கு வேண்டாம், நம் ஊராருக்கு நிலம் வேண்டும் என்று சொல்லி நடையைக் கட்டியவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால், விரல்விட்டு எண்ணித்தான் எழுத வேண்டும். அந்தச் சிலரிலே ஒருவன் எமிலியானோ சபாட்டா.

மெக்சிகோ நாட்டுக்காரன். பட்டம் பெற்றவனல்லன். பட்டாளத்திலே பதவி வகித்தவனல்லன். ஊர்ப் பள்ளியிலே கொஞ்ச காலம் எழுத்துப் படித்தான், பிறகு கழனியிலே உழுதான், குதிரை பழக்கினான். முரட்டுக் குதிரையை அவனிடம் விட்டால் மூன்றே நாளிலே பணிந்துவிடும் என்று சுற்று வட்டாரம் பேசும். ஆனால், அவன் மட்டும் யாருக்கும் பணியவில்லை. 39 ஆண்டு வாழ்ந்தான். எட்டு ஆண்டு ஆயுதம் ஏந்திப் போராடினான். அந்த எட்டு ஆண்டுக்குள் ஐந்து ஆட்சிகள் மாறி மாறி அவன்மீது படை ஏவின. ஆட்சி மாறியது, ஆள் மாறினர், கொடி மாறியது. ஏவிய படை மட்டும் மாறவில்லை. ஏன்? அவன் கேட்டது நிலம்! நிலத்தைக் கேட்டால், புரட்சிக்காரனென்று பெயர் சூட்டிக்கொண்டு அரியணை ஏறியவனுக்கும் கோபம் வருகிறது. அதுதான் சபாட்டாவின் வரலாறு நமக்குச் சொல்லும் முதற்பாடம்.

கரும்பு விழுங்கிய ஊர்கள்

மெக்சிகோ நகருக்குத் தெற்கே, மலையைத் தாண்டினால், மொரேலோஸ் என்றொரு சிறு மாநிலம். வெப்பமான பள்ளத்தாக்கு; வளமான மண்; ஓடிவரும் ஆறுகள். அந்த மண்ணிலே அனெனெகுயில்கோ என்ற சிற்றூர். அங்கேதான் 1879-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் சபாட்டா பிறந்தான்.

அவன் பிறந்தபோது நாட்டை ஆண்டவர் போர்ஃபிரியோ டயஸ். 1876-இலே படை பலத்தால் ஆட்சிக்கு வந்தவர். இடையிலே ஒரு நான்காண்டு நீங்கலாக, 1911 வரையிலே அசையாமல் உட்கார்ந்திருந்தவர். அவர் காலத்திலே இரயில் வந்தது, ஆலை வந்தது, அயல்நாட்டு மூலதனம் வந்தது. வளர்ச்சி, வளர்ச்சி என்று வாய் ஓயாமல் பேசினார்கள். யாருக்கு வளர்ச்சி என்று உழவன் கேட்டான். அதற்குத்தான் பதில் இல்லை!

1881-இலே குவாவுத்லா நகருக்கு இரயில் வந்தது. இரயிலின் முதுகிலே ஏறிப் புதிய ஆலை யந்திரங்கள் வந்தன. யந்திரத்தின் வாய் பெரிது. முன்னைப்போல ஒரு வண்டி, இரண்டு வண்டிக் கரும்பு போட்டால் அதன் பசி அடங்காது. எனவே, ஆலை முதலாளிக்கு நிலம் வேண்டும். கரும்போ தண்ணீரைக் குடித்து வளரும் பயிர். எனவே, ஆறும் வேண்டும், ஓடையும் வேண்டும். அடுப்பெரிக்க விறகு வேண்டும். எனவே, காடும் வேண்டும். எல்லாம் பக்கத்து ஊராரிடம் இருக்கிறதே, என்ன செய்வது? பறித்துக்கொள்வது!

பறிப்பதற்குச் சட்டமும் துணை நின்றது. ஊர்ப் பொதுச் சொத்தாக நிலம் இருப்பது முன்னேற்றத்துக்குத் தடை, தனித்தனியாகப் பிரிய வேண்டும் என்று 1856-லேயே ஒரு சட்டம். யாருக்கும் உரிமையில்லாத புறம்போக்கை அளந்து தருகிறோமென்று கிளம்பிய கம்பெனிகளுக்கு, அளந்ததிலே மூன்றில் ஒரு பங்கு கூலியாகத் தருவதற்கு 1883-லே ஒரு சட்டம். பாட்டன் காலம் தொட்டு மாடு மேய்ந்த வெளி, ஒரே நாளிலே எவருக்கும் உரிமையில்லாத பொட்டலாகிவிட்டது!

1908-இலே நிலைமை என்ன? மொரேலோசிலே இருந்த 36 பெரும் பண்ணைகளும் 17 பேர் கையிலே. மாநிலத்தின் பரப்பிலே காற்பங்குக்கு மேல் அவர்களுடையது. அதுவும் நல்ல விளைநிலமெல்லாம் பெரும்பாலும் அவர்களுடையது. பள்ளத்தாக்கிலே கரும்பு, மேட்டிலே மனிதன்!

தெக்கெஸ்கித்தெங்கோ என்று ஓர் ஊர். அந்த ஊரார் பண்ணையாரின் மனம் நோகும்படி நடந்துகொண்டார்களாம். பண்ணையார் என்ன செய்தார்? வழக்குப் போடவில்லை. அடியாளை அனுப்பவில்லை. தம் பாசனத் தண்ணீரை எல்லாம் பக்கத்து ஏரியிலே திருப்பிவிட்டார். ஏரி பொங்கிற்று, ஊர் மூழ்கிற்று, வீடும் தெருவும் நீருக்குள்ளே போயின. மாதாகோவில் கோபுரத்தின் முனை மட்டும் நீருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வயலுக்கு வர வேண்டிய தண்ணீரை வாளாக்கி ஓர் ஊரையே வெட்டிய கதை இது.

பெட்டியிலிருந்த பட்டயம்

அனெனெகுயில்கோவுக்கு அண்டையிலே ஆஸ்பித்தால் என்ற பண்ணை. பெயரைக் கேட்டால் மருத்துவமனை நினைவு வரும். ஆனால், அது நோய் தீர்த்த இடமல்ல, ஊரின் நிலத்தைக் கடித்துத் தின்ற இடம். ஊரார் மனுப் போட்டனர்; வக்கீல் வைத்தனர்; தலைநகருக்கு நடந்தனர். ஸ்பானிய மன்னனின் ஆட்சிக் காலத்திலேயே தங்கள் ஊருக்கு எழுதித் தரப்பட்ட பட்டயங்களைப் பெட்டியிலே பூட்டிப் பரம்பரை பரம்பரையாகக் காத்து வந்தனர். அவற்றிலே சில, அந்த மண்ணின் பழைய மொழியான நாவாட்டிலே எழுதப்பட்டவை.

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 12. ஊர்க் கூட்டம். ஊர்ப் பொறுப்பை ஏற்றிருந்த முதியவர்கள் எழுந்து, எங்களுக்கு வயதாகிவிட்டது, இனி இளையவர்கள் பார்க்கட்டும் என்று விலகினர். அந்த இடத்துக்கு ஊரார் தேர்ந்தெடுத்தது 30 வயது சபாட்டாவை. அவன் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, தோழர்களே? துப்பாக்கி தேடவில்லை. பெட்டியைத் திறந்து, ஊர்ச் செயலாளரோடு உட்கார்ந்து, நாள்கணக்கிலே பழைய ஏடுகளைப் புரட்டினான். புரியாத நாவாட்டு எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடினான். உரிமை இன்னதென்று தெரிந்துகொண்டுதான் உரிமைக்குப் போராடக் கிளம்பினான்.

அவனைச் சும்மா விடுவார்களா? 1910 பிப்ரவரியிலே பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். குதிரை பழக்கும் திறமை காரணமாக விரைவிலே வெளியே வந்தான். டயசின் மருமகனுடைய குதிரை லாயத்திலே சில நாள் வேலை பார்த்தான். அங்கே கண்டான், தன் ஊரார் தூங்கும் குடிசையைவிடப் பணக்காரரின் குதிரை தூங்கும் கொட்டில் அழகாக இருப்பதை! இருப்புக் கொள்ளவில்லை. ஊர் திரும்பினான்.

ஊரிலே விதைப்புக் காலம். மழை வந்துவிட்டது, நிலமோ வழக்கிலே. இந்த ஒரு பருவத்துக்காவது விதைக்க விடுங்கள் என்று ஊரார் அதிகாரிகளிடம் கெஞ்சினர். விதைக்க இடம் வேண்டுமென்றால் பூந்தொட்டியிலே விதைத்துக்கொள்ளட்டும் என்று பண்ணையிலிருந்து ஏளனமாகப் பதில் வந்ததாக வரலாறு எழுதியோர் குறித்திருக்கிறார்கள். அதற்கு மேல் மனு எழுதப் பேனா வருமா? ஏறக்குறைய 80 பேரை அழைத்துக்கொண்டு சபாட்டா வயலுக்கே போனான். கையிலே ஆயுதம், ஆனால், கலகமில்லை. பண்ணையின் குத்தகைக்காரர்களும் ஏழைகள்தாம்; அவர்களோடு சண்டையில்லை, நிலம் எங்களுடையது, நீங்கள் நகருங்கள் என்று சொல்லி, வயலை ஊராருக்குப் பிரித்துக் கொடுத்தான். விதை மண்ணிலே விழுந்தது.

கடிகாரக் கணக்கு

1910-இன் முடிவிலே நாடே கொந்தளித்தது. டயசுக்கு எதிராகப் பிரான்சிஸ்கோ மதேரோ என்ற செல்வர் வீட்டுச் சீமான் கொடி உயர்த்தினார். தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்பது அவருடைய முழக்கம். அவருடைய நீண்ட அறிக்கையின் மூலையிலே, அநியாயமாகப் பறிக்கப்பட்ட நிலம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி இருந்தது. மொரேலோஸ் உழவர் அந்த ஒரு வரியை நம்பித்தான் 1911 மார்ச்சிலே கிளம்பினர். மே 19-ஆம் நாள், கடும் போருக்குப் பிறகு, குவாவுத்லா நகரைச் சபாட்டாவின் படை பிடித்தது. ஆறே நாளிலே டயஸ் பதவி விலகினார்.

ஜூன் மாதம் மதேரோ தலைநகரிலே. சபாட்டா பார்க்கப் போனான். ஆயுதத்தைக் கீழே போடு, பொறுமையாக இரு, எல்லாம் சட்டப்படி நடக்கும் என்றார் மதேரோ. சபாட்டா துப்பாக்கியோடு எழுந்தான். மதேரோவின் சட்டையிலே தொங்கிய தங்கக் கடிகாரத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டானாம். நான் துப்பாக்கி வைத்திருக்கும் துணிவிலே இதைப் பறித்துக்கொண்டு போகிறேன். பிறகு ஒருநாள் நாமிருவரும் சந்திக்கிறோம், அன்று உம்மிடமும் துப்பாக்கி இருக்கிறது. கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பீரா, மாட்டீரா என்றான். கேட்பேன், நட்டஈடும் சேர்த்துக் கேட்பேன் என்றார் மதேரோ. எங்கள் மாநிலத்திலே நடந்ததும் அதுதான் என்று முடித்தான் சபாட்டா. வக்கீல் பத்துப் பேர் வாதாடினாலும் இவ்வளவு தெளிவாக வழக்கை எடுத்து வைத்திருக்க முடியுமா?

செய்த தொண்டுக்குப் பரிசாக நல்லதொரு பண்ணை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பண்ணையை ஒழிக்கப் புறப்பட்டவனுக்குப் பண்ணையையே பரிசாகத் தருவதாம்! மறுத்துவிட்டான். அதற்குள்ளே இடைக்கால ஆட்சி உவெர்ட்டா என்ற தளபதியை மொரேலோசுக்கு அனுப்பியது. மதேரோ ஆட்சி ஏறிய பிறகும் நிலம் வரவில்லை, படைதான் வந்தது.

1911 நவம்பரிலே மலைமேல் கூடினர். சபாட்டாவும், ஓத்திலியோ மோன்டான்யோ என்ற பள்ளி ஆசிரியரும் வகுத்த திட்டம் வெளியாயிற்று. அயாலா திட்டம் என்று அதற்குப் பெயர். அதன் கருத்து எளிது. பறிபோன நிலம், காடு, தண்ணீர் மூன்றும் பட்டயமுள்ள ஊராருக்கு உடனே சேர வேண்டும். ஆட்சேபம் உள்ள பண்ணையார், பிறகு நீதிமன்றத்திலே வந்து வாதாடட்டும். நிலமே இல்லாத ஏழைக்காகப் பெரும் பண்ணைகளிலே மூன்றில் ஒரு பங்கை ஈடு கொடுத்து எடுக்க வேண்டும். இந்தத் திட்டத்தை எதிர்த்து நிற்பவரின் மிச்சமும் நாட்டுடைமை.

இதிலே உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். அதுவரை நடந்தது என்ன? நிலம் பண்ணையார் கையிலே, உழவன் நீதிமன்ற வாசலிலே. சபாட்டா அதைத் தலைகீழாகத் திருப்பினான். நிலம் உழவன் கையிலே, வழக்குக்கு அலையட்டும் பண்ணையார்! வழக்கு நடக்கும் இருபதாண்டும் யார் கையிலே நிலம் இருக்கிறதோ அவனுக்குத்தான் வெற்றி என்பதைப் பட்டறிவிலே கற்றவனல்லவா!

அதற்குப் பிறகு தீ. தளபதிகள் வந்தனர், ஊர்களைக் கொளுத்தினர். உழவரைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போயினர். 1913 பிப்ரவரியிலே மதேரோவை வீழ்த்திக் கொலைக்கு வழி செய்தான், அவரே நம்பிய உவெர்ட்டா. அந்த உவெர்ட்டாவும் 1914 ஜூலையிலே ஓடினான். சபாட்டா மட்டும் நின்றான்.

நாற்காலியும் ஊர்வலமும்

1914 நவம்பர் இறுதியிலே சபாட்டாவின் படை தலைநகரிலே நுழைந்தது. நகரத்துச் சீமான்கள் நடுங்கினர். கொள்ளை நடக்கும், குருதி ஓடும் என்று கதவடைத்தனர். வந்ததோ, வெள்ளைப் பருத்தி உடையும் ஓலைத் தொப்பியுமாக உழவர் கூட்டம். தொப்பியைக் கையிலே பிடித்துக்கொண்டு வீட்டு வாயிலிலே நின்று, கொஞ்சம் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டது! தலைநகரைப் பிடித்த படை, தலைநகரிலே பசிக்குச் சோறு கேட்டு நின்ற காட்சி உலக வரலாற்றிலே வேறெங்கே உண்டு? தலைவனோ மாளிகையிலே தங்கவில்லை; இரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு விடுதியிலே தங்கினான்.

டிசம்பர் 4-ஆம் நாள் சொச்சிமில்கோவிலே வடக்கத்தி வீரன் பாஞ்சோ வில்லாவும் சபாட்டாவும் சந்தித்தனர். 6-ஆம் நாள் இருவரும் படையோடு தலைநகரிலே ஊர்வலம். அரண்மனையிலே எடுத்த நிழற்படம் உலகமெங்கும் பரவியது. குடியரசுத் தலைவரின் பொன்னிற நாற்காலியிலே வில்லா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து இருக்கையிலே சபாட்டா, முகத்திலே சிரிப்பில்லை. சில நாளிலே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டான்.

ஊருக்குப் போய் என்ன செய்தான்? நிலத்தை அளந்தான். விவசாயக் கல்லூரி இளைஞர்கள் 1915-இலே மொரேலோசுக்கு வந்தனர். சங்கிலியும் கோலும் கொண்டு அளந்தனர். படித்த பிள்ளைகளுக்குக் கோடு நேராக ஓட வேண்டும்; ஊர் முதியவருக்கோ, கல் வேலி எப்படி வளைந்து போகிறதோ அப்படிக் கோடு வளைய வேண்டும். கல் வேலியின் வழியே போகட்டும் என்றான் சபாட்டா. கூட்டாக உழுவதா, தனித்தனியே உழுவதா என்பதையும் அந்தந்த ஊரின் முடிவுக்கே விட்டான்.

ஆலைகளை மூடவும் அவன் விரும்பவில்லை. பொதுச் சொத்தாக்கி ஓட்டச் சொன்னான். கரும்பு போடுங்கள், காசு வரும், காய்கறியை மட்டும் நம்பினால் முன்னேற முடியாது என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னான். மக்கள் கேட்டார்களா? சோளம் விதைத்தனர், அவரை விதைத்தனர், மிளகாய் போட்டனர். கரும்பைக் கண்டாலே அவர்களுக்குக் கசந்தது! துப்பாக்கி அவன் கையிலே. ஆனாலும், விதைப்பது அவர்கள் விருப்பமென்று விட்டுவிட்டான். 1915-இலே மொரேலோஸ் உழவன் வயிறாரச் சாப்பிட்டான்.

தொழிலாளி எங்கே நின்றான்?

இங்கேதான், ஆலையிலும் அச்சகத்திலும் உழைக்கும் தோழர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

கரான்சா என்பவர் இன்னொரு பக்கம் ஆட்சிக்குப் போட்டியிட்டார். அவரும் பெருநிலக்காரர். ஆனால், சூழ்ச்சி தெரிந்தவர். 1915 பிப்ரவரியிலே தலைநகரத் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டார். சங்கம் அமைத்துக்கொள்ளலாம், சட்டம் செய்து தருகிறேன் என்றார். தொழிலாளர் சிவப்புப் படையணிகள் என்ற பெயரிலே திரண்டு, கரான்சாவுக்காகப் போருக்குப் போயினர். யாரை எதிர்த்து? வில்லாவையும் சபாட்டாவையும்!

ஏன் போனார்கள்? பசி ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நகரத் தொழிலாளி பகுத்தறிவு பேசியவன். பாதிரி ஆதிக்கத்தைச் சாடியவன். உழவர் படையோ குவாதலூப்பே மாதாவின் படம் போட்ட கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தது. இவர்கள் மூடநம்பிக்கைக்காரர், இவர்களோடு நமக்கென்ன என்று முகம் சுளித்தான். உழவனின் தொப்பியிலே இருந்த படத்தைப் பார்த்தான்; அவன் வயிற்றிலே இருந்த பசியைப் பார்க்கவில்லை. மூடநம்பிக்கையை நாம் எதிர்க்கிறோம், என்றும் எதிர்ப்போம். ஆனால், அதில் சிக்கியிருக்கும் ஏழையை எதிரியாக எண்ணிவிட்டால், இலாபம் யாருக்கு? மெக்சிகோ விடை சொல்கிறது. 1916 ஜூலை இறுதியிலே கூலிக்காகத் தலைநகரத் தொழிலாளர் பொது வேலை நிறுத்தம் செய்தனர். அதே கரான்சா, வேலை நிறுத்தம் செய்வோருக்கு மரண தண்டனை என்று ஆணை போட்டார்! சிவப்புப் படையணிகளை அதற்கு முன்பே கலைத்துவிட்டிருந்தார். உதவிக்கு வர உழவன் இல்லை. அவனைச் சுடத்தானே இவர்கள் போயிருந்தனர்!

பழி ஒரு பக்கம் மட்டுமல்ல. சபாட்டாவும் மொரேலோசின் மலைக்கு அப்பாலே போதிய அளவு பார்க்கவில்லை. நாற்காலியை வெறுத்தது பெருமைதான். ஆனால், அந்த நாற்காலியிலே யார் உட்காருகிறான் என்பதைக் கவனிக்காமல் விட்டதன் விலையை, அவனுடைய ஊர்களே கொடுத்தன. 1916-இலே பாப்லோ கொன்சாலெஸ் என்ற தளபதி பெரும்படையோடு வந்தார். ஊர்கள் காலியாயின. ஆலை யந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றனர். போரும் பஞ்சமும், 1918-இலே வந்த விஷக் காய்ச்சலும் சேர்ந்து வாரிக்கொண்டு போயின. 1910-இலே ஏறத்தாழ 1,80,000 மக்கள் இருந்த மாநிலத்திலே, 1921-இலே எண்ணியபோது 1,03,000 பேர்!

தோல்வி வரும்போது ஐயமும் வரும். 1917-இலே, திட்டம் வகுத்த ஆசிரியர் மோன்டான்யோவையே துரோகி என்று சொல்லி, இயக்கத்தின் நீதிமன்றமே சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு அண்ணன் யூஃபெமியோ, தன் ஆளின் தந்தையை அடித்துவிட்டு, அந்த ஆளின் கையாலேயே மாண்டான். இவற்றையும் சொல்லத்தான் வேண்டும். மறைத்துவிட்டுப் பாடுவது வரலாறல்ல, லாலி.

சினமேக்கா

போரிலே பிடிக்க முடியாதவனை நட்பிலே பிடிக்கத் திட்டமிட்டனர். குவாஹார்தோ என்ற கர்னல், அரசுப் படையை விட்டு உங்கள் பக்கம் வருகிறேன் என்று செய்தி அனுப்பினான். சபாட்டா சோதித்தான். முன்பு தன்னிடமிருந்து அரசின் பக்கம் ஓடியவர்களைப் பிடித்துத் தண்டிக்கச் சொன்னான். குவாஹார்தோ ஐம்பதுக்கு மேற்பட்டவரை, அரசுக்காகப் போராடிக்கொண்டிருந்த தன் தரப்பு ஆட்களையே, சுட்டுக் காட்டினான்! நம்பிக்கை என்ற ஒன்றை வாங்க ஐம்பது உயிரை விலையாகக் கொடுத்தான். ஒரு குதிரையையும் பரிசளித்தான்.

1919 ஏப்ரல் 10. சினமேக்கா பண்ணை. பிற்பகல் இரண்டு மணி கடந்த நேரம். பத்துப் பேர் அளவே துணையாக, பரிசு வந்த குதிரைமீது சபாட்டா வாயிலுக்குள் நுழைந்தான். மரியாதை அணிவகுப்பு நின்றிருந்தது. கொம்பு மூன்று முறை ஊதிற்று. கடைசி ஒலி ஓய்ந்ததும், வணக்கத்துக்காக உயர்ந்த துப்பாக்கிகள் அவன் நெஞ்சைச் சுட்டன.

பிணத்தைக் குவாவுத்லாவிலே ஊரார் பார்க்க வைத்தனர். உழவர் வந்தனர், பார்த்தனர், தலையை அசைத்தனர். இது அவனல்ல என்றனர். மச்சம் இல்லையே என்றார் ஒருவர்; விரல் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் இன்னொருவர். மலைமேல் குதிரையிலே போனதைப் பார்த்தோம் என்று நெடுங்காலம் பேசினர். அறியாமை என்று நாம் சிரிக்க வேண்டாம். இன்னும் நிலம் முழுவதும் வரவில்லை, கேட்டவன் எப்படிச் சாவான் என்ற ஏக்கம் அது.

கொன்றவனுக்குப் பணமும் தளபதிப் பதவியும் கிடைத்தன. அடுத்த ஆண்டே வேறொரு கலகத்திலே மாட்டி அவனும் சுடப்பட்டான். கரான்சாவும் 1920 மே மாதத்திலே தப்பியோடும் வழியிலே மாண்டார்.

நிலம் வந்ததா?

வந்தது. அவன் உயிரோடு இருந்தபோதே, 1917-இலே, எதிரிகள் எழுதிய அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவிலே, நிலமும் நீரும் அடிப்படையிலே நாட்டுக்கே உரியவை, பறிபோன ஊர் நிலம் திரும்ப வேண்டும் என்று எழுத வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பேனா அவர்களுடையது, எழுத வைத்தது மொரேலோசின் நெருப்பு. 1920-களிலே மொரேலோசின் பண்ணைகள் பிரிந்து, பெரும்பாலான உழவர் குடும்பங்களின் கைக்கு நிலம் வந்தது. 1934 முதல் 1940 வரை ஆண்ட லாசரோ கார்தெனாஸ் நாடெங்கும் ஏறத்தாழ 1.8 கோடி எக்டேர் நிலத்தை உழவருக்குப் பிரித்துத் தந்தார்.

ஆனால், வந்தது நின்றதா? 1992-இலே அதே 27-ஆவது பிரிவைத் திருத்தினார்கள். நிலம் பிரித்துத் தரும் கடமை அரசுக்கு இனி இல்லை, ஊர்ப் பொது நிலத்தையும் விற்கலாம் என்று வழி திறந்தார்கள். 1994 சனவரி முதல் நாள், தெற்கே சியாப்பாஸ் மாநிலத்திலே பழங்குடி உழவர் கிளர்ந்தெழுந்தனர். தங்களுக்கு அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர், சபாட்டாவின் பெயர்!

தோழர்களே! நாற்காலியை வெறுத்ததால் மட்டும் அவன் பெரியவனல்லன். வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் ஒரே கேள்வியைக் கேட்டான்: ஊருக்கு நிலமும் நீரும் வந்ததா? மேடையிலே நாம் வாங்கும் மாலைக்கும், தேர்தலிலே நாம் பெறும் வெற்றிக்கும் அதே உரைகல்தான். உழுபவன் வயலிலே தண்ணீர் பாய்கிறதா என்று போய்ப் பார்ப்போம். பாய்ந்தால் வெற்றி. பாயாவிட்டால், கொடி எதுவாயினும், கோட்டையிலே இருப்பவர் எவராயினும், வேலை இன்னும் முடியவில்லை!